பாய்மரமும் பாலமும்

பாலம் என்பது நிலத்தில் செல்பவருக்கு வழி. நீரில் செல்பவருக்குத் தடை. இந்த எளிய உண்மையை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. பாலங்களின் வரலாற்றை எழுதியவர்கள் அவற்றின் மேல் நடந்தவர்கள் என்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம். எத்தனை கண், எவ்வளவு நீளம், யார் கட்டியது, யார் திறந்து வைத்தது என்ற கேள்விகள் மேலிருந்து கேட்கப்படுபவை. கீழே படகில் வருபவனுக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு: என் பாய்மரம் இதனடியில் நுழையுமா?

பாய்மரத்தைச் சங்கத் தமிழ் 'கூம்பு' என்றது. புறநானூற்றின் 30ஆம் பாட்டில் சோழன் நலங்கிள்ளியைப் பாடும் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், பெருங்கலம் ஒன்று கூம்பையும் மேற்பாயையும் களையாமல், பாரத்தையும் இறக்காமல் ஆற்றுமுகத்தில் புகுந்ததைச் சொல்கிறார். அங்கே பாராட்டுப் பெறுவது ஆற்றின் ஆழம். கலம் தரை தட்டவில்லை என்பதே பெருமை. மேலே தட்டுவதற்கு அங்கு எதுவும் இல்லை. ஆற்றின் குறுக்கே பாலங்கள் எழுந்த நாடுகளில் படகோட்டிக்கு இரண்டாவது கவலை ஒன்று சேர்ந்துகொண்டது. கீழே ஆழம் பார்க்க வேண்டும். மேலே உயரம் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது கவலை எப்படித் தொழில்நுட்பமாகவும், கணக்காகவும், சட்டமாகவும் வளர்ந்தது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாயும் மரம்

இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் பகுதியில் 'பிராட்ஸ்' என்று அழைக்கப்படும் ஆழமற்ற ஏரிகளும், அவற்றை இணைக்கும் ப்யூர், தர்ன், ஆன்ட், யேர், வேவ்னி ஆகிய ஆறுகளும் உள்ளன. இந்த ஏரிகள் இயற்கையானவை என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1950களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியலாளரும் அவருடைய துணை ஆய்வாளர்களும், இவை இடைக்கால மக்கள் எரிபொருளுக்காகக் கரிமண் வெட்டியெடுத்த குழிகள் என்றும், பின்னர் நீர் புகுந்து ஏரிகளாயின என்றும் நிறுவினார்கள். மனிதர் வெட்டிய குழிகளே நீர்வழிகளாக, அந்நீர்வழிகளில் ஒரு தனித்த படகு மரபு தோன்றியது. அந்தப் படகின் பெயர் வெர்ரி.

வெர்ரி ஒற்றைப் பாய்மரம் கொண்ட சரக்குப் படகு. கரி, தானியம், செங்கல், மரம் என்று அந்நாட்டின் சுமையையெல்லாம் அது தாங்கிச் சென்றது. 1898இல் கட்டப்பட்டு இன்றும் பாய்விரிக்கும் 'ஆல்பியன்' என்ற வெர்ரி ஏறத்தாழ 40 டன் சுமக்கக்கூடியது. இவ்வளவு பெரிய படகைச் செலுத்தியவர்கள் பெரும்பாலும் இரண்டே பேர்: படகுக்காரரும் ஓர் உதவியாளரும். அந்த உதவியாளர் பல வேளைகளில் ஒரு சிறுவன்.

இரண்டு பேர் மட்டுமே உள்ள படகில் அந்தக் கனத்த பாய்மரத்தை ஒவ்வொரு பாலத்திலும் சாய்த்து நிமிர்த்துவது எப்படி? விடை பாய்மரத்தின் அடியில் இருந்தது. மரத்தின் அடிப்பகுதி மேல்தளத்துக்குக் கீழே இறங்கி, ஒரு டன்னுக்கும் மேற்பட்ட ஈயத்தைத் தாங்கி நிற்கும். மரம் ஓர் அச்சில் துலாக்கோல் போல ஆடும். நம் ஏற்றத்தின் துலாவை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். படகின் முனையிலிருந்து மரத்தைப் பிடித்து நிற்கும் முன்கயிற்றைத் தளர்த்தினால் மரத்தின் தலை பின்புறமாகச் சாயும். ஈயக் காலோ முன்தளத்தில் உள்ள திறப்பின் வழியே மேலே எழும். கயிற்றை இழுத்தால் ஈயத்தின் எடையே மரத்தை நிமிர்த்திவிடும். மற்றப் பாய்க்கப்பல்களில் மரத்தைப் பக்கங்களில் பிடித்து நிற்கும் கயிறுகள் வெர்ரியில் கிடையாது. பாயின் அடியில் குறுக்குக்கழியும் இல்லை. ஒரு பாலத்தின் முன் அவிழ்க்க வேண்டியவை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்ற அறிவு அந்தப் படகின் உருவத்தையே தீர்மானித்திருக்கிறது.

பழகிய படகுக்காரர் பாலத்தைக் கண்டு நிற்பதில்லை. பாய் விரித்தபடியே வேகமாக வருவார். தக்க தூரத்தில் பாய் இறங்கும். அடுத்த கணம் மரம் சாயும். வந்த வேகத்திலேயே படகு பாலத்தின் கண்ணுக்குள் நுழைந்து மறுபுறம் வெளிப்படும். வேகம் அடங்குமுன் மரம் நிமிர்ந்து பாய் ஏறிவிடும். முன்னதாகப் பாயை இறக்கினால் படகு வேகமிழந்து நீரோட்டத்தின் வசப்படும். குறுக்காகத் திரும்பிப் பாலத்தூணில் மோதும். தாமதித்தால் மரம் முறியும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில விநாடிகளே அந்தத் தொழிலின் சாரம்.

ஓர் எண் அல்ல

தர்ன் ஆற்றின் மேல் பாட்டர் ஹெயம் என்ற ஊரில் ஓர் இடைக்காலக் கற்பாலம் நிற்கிறது. நடுவில் அரைவட்டமாக ஒரு கண். இருபுறமும் கூர்வளைவாக இரு சிறு கண்கள். சராசரி உயர்நீரில் நடுக்கண்ணின் இடைவெளி ஏறத்தாழ இரண்டு மீட்டர்தான். பாய்மரம் சாய்ந்த பிறகும் அறைக்கூரை இடிக்குமா என்று பார்க்க வேண்டிய பாலம் இது. ஆர்தர் ரான்சம் 1934இல் வெளியிட்ட 'கூட் கிளப்' என்ற சிறுவர் நாவலின் களம் இந்த நீர்வெளிதான்.

இப்பாலம் கற்பிக்கும் முதற்பாடம், பாலத்தின் உயரம் என்பது ஒற்றை எண் அல்ல என்பது. அரைவட்டக் கண்ணில் உச்சியில் இருக்கும் உயரம் ஓரங்களில் இல்லை. குறுகிய படகு எளிதில் நுழையும் இடத்தில், அதே உயரமுள்ள அகன்ற படகின் கூரை மூலைகள் கல்லில் உராயும். இரண்டாவது பாடம், கல் நிலையானது, நீர் நிலையானதல்ல என்பது. மழை பெய்தால் ஆறு உயரும். வடகடல் காற்று கரைநோக்கி அடித்தால், வடியவேண்டிய ஓதநீர் வடியாமல் ஆற்றிலேயே தங்கும். நேற்று நுழைந்த படகு இன்று நுழையாது. இதனால்தான் அங்குள்ள பாலங்களில் அளவுப்பலகைகள் வைக்கப்பட்டன. நம் ஏரி மதகுகளில் நீரின் ஆழத்தைக் காட்டும் அளவுகோல்களைப் பார்த்திருப்போம். இவை அவற்றுக்கு நேர்மாறானவை: நீருக்கு மேலே அந்த நேரத்தில் எஞ்சியிருக்கும் வெற்றிடத்தைக் காட்டுகின்றன.

கண் சொல்வது பொய்

பலகை எதற்கு, கண்ணால் பார்த்தால் தெரியாதா என்று கேட்கத் தோன்றும். தெரியாது என்பதே விடை. பாய்ப்படகில் சென்றவர்கள் அனைவரும் சொல்லும் செய்தி, எவ்வளவு உயரமான பாலமானாலும் மரத்தின் உச்சி அதில் இடிக்கப் போவதுபோலவே கடைசிவரை தோன்றும் என்பது. இது மனப்பிரமை அல்ல, வடிவியல்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். சுக்கான் பிடிப்பவரின் கண் நீரிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மரம் அவருக்கு முன்னே 4 மீட்டரில் நிற்கிறது; அதன் உச்சி நீரிலிருந்து 14 மீட்டர். பாலத்தின் அடிப்பகுதி 17 மீட்டர். அதாவது மூன்று மீட்டர் தாராளமான இடைவெளி. ஆனால் கண்ணிலிருந்து அளந்தால் மரம் 4 மீட்டர் தூரத்தில் 12 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. மூன்று மடங்குச் செங்குத்து. பாலம் கண்ணுக்கு மேல் 15 மீட்டர். அது மரத்தைவிட உயரமாகத் தெரிய வேண்டுமானால் கண்ணிலிருந்து 5 மீட்டருக்குள் வந்தாக வேண்டும். அதாவது, மரத்துக்கும் பாலத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் மட்டுமே இருக்கும்போதுதான் உண்மை கண்ணுக்குத் தெரிகிறது.

பாலம் 13 மீட்டர் மட்டுமே இருந்து, மரம் உறுதியாக முறியும் நிலையிலும் அதுவரை காட்சி ஏறத்தாழ ஒன்றுதான். நுழையும் பாலமும் நுழையாப் பாலமும் கண்ணுக்கு ஒரே தோற்றம் தருகின்றன. வேறுபாடு தெரியும்போது படகை நிறுத்த இடமில்லை. ஆகவே பாய்மரத்தின் உயரத்தை முன்பே அளந்து வைத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அளக்கும்போதும் மரத்தின் நுனியில் நிற்கும் காற்றுமானி, வானொலிக் கம்பி, விளக்கு ஆகியவற்றைச் சேர்த்தே அளக்க வேண்டும். படகின் சுமை குறைந்தால் அது நீரில் உயர்ந்து மிதக்கும் என்பதையும் மறக்கலாகாது.

எந்த நீரிலிருந்து?

அடுத்த கேள்வி, பாலத்தின் உயரம் எந்த நீர்மட்டத்திலிருந்து எழுதப்பட்டிருக்கிறது என்பது. ஓதம் ஏறி இறங்கும் நீர்வழிகளில் ஆழத்தை ஒரு தாழ்ந்த மட்டத்திலிருந்தும், பாலத்தின் இடைவெளியை ஓர் உயர்ந்த மட்டத்திலிருந்தும் குறிப்பது கடல்வரைபட மரபு. இரண்டிலும் நோக்கம் ஒன்றே: எழுதியிருப்பதைவிட உண்மை நிலை பெரும்பாலும் படகுக்குச் சாதகமாக இருக்க வேண்டும். நெதர்லாந்தின் உள்நாட்டு வாய்க்கால்களிலோ பாலங்களின் உயரம் ஆம்ஸ்டர்டாம் நிலைமட்டத்தையோ அந்தந்த வாய்க்காலுக்கு நிர்ணயித்த மட்டத்தையோ கொண்டு கூறப்படுகிறது. எண் ஒன்றாக இருந்தாலும் அதன் அடிக்கோடு வேறு. இதைக் கவனியாதவர் சரியான எண்ணைப் படித்தும் தவறான முடிவுக்கு வருவார்.

ஓர் எடுத்துக்காட்டு. உயர் ஓதத்தில் பாலத்தின் இடைவெளி 16 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. அந்த உயர் ஓதம் தாழ்மட்டத்திலிருந்து 4.5 மீட்டர். இப்போதைய நீர் 2 மீட்டர். நீர் 2.5 மீட்டர் இறங்கியிருப்பதால் இப்போதைய இடைவெளி 18.5 மீட்டர். நம் மரம் 17.2 மீட்டர் என்றால் 1.3 மீட்டர் மிச்சம். ஓதம் மீண்டும் ஏறினால் இதே பாலத்தில் இதே மரம் 1.2 மீட்டர் இடிக்கும்.

இதில் ஒரு முரண் உண்டு. பாலத்தின் கீழ் மிகுதியான உயரம் கிடைப்பது தாழ் ஓதத்தில். அப்போதுதான் ஆற்றில் ஆழம் மிகக் குறைவு. மரத்துக்கு நல்ல நேரம் அடிக்கட்டைக்குக் கெட்ட நேரம். இரண்டும் இணங்கும் ஒரு குறுகிய வேளையைத் தேடிப் பிடிப்பதே உள்நாட்டுப் பாய்வழிப் பயணத்தின் கலை. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோர உள்நீர்வழியில் நிலையான பாலங்களுக்கு 65 அடி என்பது பொது விதி. மயாமியில் உள்ள ஜூலியா டட்டில் பாலம் மட்டும் 56 அடி. சற்றே உயரமான மரமுள்ளவர்கள் அந்த நீர்வழியில் ஒரு தந்திரம் செய்வதுண்டு. நீர் நிரப்பிய பைகளை ஒருபக்கமாகத் தொங்கவிட்டுப் படகைச் சாய்ப்பார்கள். 20 மீட்டர் மரம் 20 பாகை சாய்ந்தால் உயரம் 18.8 மீட்டராகும். தந்திரம்தான், ஆனால் கணக்குத் தவறினால் இரண்டாம் வாய்ப்பு இல்லை.

கடற்படையின் நூறு அடி

மரத்தைச் சாய்க்கக்கூடிய படகுகள் பாலத்துக்குப் பணிந்தன. சாய்க்க முடியாத கப்பல்கள் பாலத்தைப் பணிய வைத்தன. வேல்ஸ் நாட்டுக்கும் ஆங்கிள்சி தீவுக்கும் இடையே உள்ள மெனாய் நீரிணையில் இதைக் காணலாம். அங்கே பாலம் கட்ட முயன்றபோது, உயர்நீருக்கு மேல் நூறு அடி இடைவெளி வேண்டும் என்று பிரிட்டிஷ் கடற்படைத் துறை நிபந்தனை விதித்தது. போக்குவரத்தை மறிக்கும் சாரங்களும் கூடாது. முதலில் எழுந்த வார்ப்பிரும்பு வளைவுத் திட்டங்கள் கைவிடப்பட்டன. தாமஸ் டெல்ஃபோர்டு இரும்புச் சங்கிலிகளில் தொங்கும் பாலத்தைக் கட்டினார். 1826 ஜனவரி 30 அன்று திறக்கப்பட்ட அப்பாலம் தொங்குபாலங்களின் வரலாற்றில் ஒரு மைல்கல். அதன் வடிவத்தை முடிவு செய்ததில் பாய்மரங்களுக்குப் பெரும் பங்குண்டு.

அதே நீரிணையில் ரயில் பாலம் கட்ட வந்த ராபர்ட் ஸ்டீபன்சன் வளைவுப் பாலம் ஒன்றை முன்மொழிந்தார். கடற்படை மறுத்தது. காரணம் பாட்டர் ஹெயமில் பார்த்ததுதான்: வளைவு உச்சியில் மட்டுமே உயரம் தரும், ஓரங்களில் தராது. கப்பல்களுக்கு முழு அகலத்திலும் உயரம் வேண்டும். ஆகவே ஸ்டீபன்சன் ரயில் உள்ளே ஓடும் பிரம்மாண்டமான இரும்புப் பெட்டிக்குழாய்களை அமைத்தார். 1850இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலம் அதுவே. 1970 மே மாதம் ஏற்பட்ட தீவிபத்தில் அக்குழாய்கள் சிதைந்தன. மீண்டும் கட்டியபோது பொறியாளர்கள் தேர்ந்தெடுத்தது எஃகு வளைவுகளை. 1972இல் ரயில்கள் மீண்டும் ஓடின. எந்த வளைவைப் பாய்மரங்கள் தடுத்தனவோ அதே வளைவு, அந்த உயரப் பாய்மரங்கள் மறைந்த பின் வந்து சேர்ந்தது.

யாருக்கு முன்னுரிமை?

1209இல் கட்டி முடிந்து 1831 வரை பயன்பட்ட பழைய லண்டன் பாலத்தில் நெருக்கமாக நின்ற தூண்கள் ஆற்றையே அணைபோல மறித்தன. இருபுற நீர்மட்டத்துக்கும் சில வேளைகளில் ஆறடி வேறுபாடு இருக்கும். அதன் கண்களின் ஊடே படகில் பாய்வது உயிரைப் பணயம் வைப்பதாக இருந்தது. ஆயினும் அப்பாலத்திலும் ஒரு பகுதி தூக்கக்கூடியதாக இருந்தது. உயர்ந்த மரக்கலங்கள் குவீன்ஹைத் துறைக்குச் செல்ல அது வழிவிட்டது. பிற்காலத்தில் தேம்ஸ் சரக்குப் படகுகள் மரத்தை உருளையில் கயிறு சுற்றிச் சாய்த்தன. கனம் மிகுந்த அந்த வேலைக்குப் பாலத்தருகே கூலிக்கு ஏறி இறங்கும் ஆட்களும் இருந்தார்கள். அவர்களுக்கு 'ஹஃப்ளர்' என்று பெயர். பாலம் உண்டாக்கிய தொழில் அது.

1894இல் திறக்கப்பட்ட டவர் பாலம் இந்த வழக்கை வேறு விதமாகத் தீர்த்தது. மூடியிருக்கையில் அதன் இடைவெளி 8.6 மீட்டர், இரு கதவுகளும் எழுந்தால் 42.5 மீட்டர். முன்கூட்டியே அறிவிக்கும் உயர்மரக் கலங்களுக்கு அது கட்டணமின்றித் திறக்கப்படுகிறது. சாலை காத்திருக்க வேண்டும். 1997 மே மாதம் அமெரிக்க அதிபர் கிளின்டனின் வாகன வரிசை அப்பாலத்தைக் கடந்துகொண்டிருந்தபோது, 'கிளாடிஸ்' என்ற பழைய பாய்ச்சரக்குப் படகுக்காகப் பாலம் திறந்தது. வரிசை இரண்டாகப் பிரிந்து நின்றது. செய்தித்தாள்களுக்கு அது வேடிக்கை. ஆற்றில் வந்த மரத்துக்கு நூறாண்டுக்கு முன் தரப்பட்ட வாக்கு அன்றும் செல்லுபடியானது என்பதே அதன் பொருள்.

நெதர்லாந்தில் இந்த வாக்கு ஒரு நாடளாவிய வழியாகவே விரிந்திருக்கிறது. வடக்கே டெல்ஃப்சைலிலிருந்து தெற்கே ஃபிளிசிங்கன் வரை மரத்தைச் சாய்க்காமலே செல்லக்கூடிய நீர்வழிக்கு 'நிற்கும் பாய்மர வழி' என்றே பெயர். ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் பாலங்கள் ஊர் உறங்கிய பின் நள்ளிரவில் வரிசையாகத் திறந்து பாய்ப்படகுகளை விடுகின்றன. சிற்றூர்களில் பாலக்காவலர் தூண்டில் கழியில் மரச்செருப்பு ஒன்றைக் கட்டிப் படகுக்கு நேரே நீட்டிச் சுங்கம் வாங்கிய வழக்கமும் அந்நாட்டினது.

நமக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் நடுவே இருந்த ஷெர்சர் தூக்கி, ரயிலுக்கும் கலங்களுக்கும் மாறி மாறி வழிவிட்டது. ஆட்கள் நெம்புகோல் தள்ளி அதைத் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் ஒரு கண் முழுவதும் செங்குத்தாக 17 மீட்டர் எழுகிறது. அப்போது நீருக்கு மேல் கிடைக்கும் இடைவெளி, 1988இல் திறக்கப்பட்ட பக்கத்துச் சாலைப்பாலத்தின் இடைவெளிக்கு ஏறத்தாழ இணையானது. அதற்குமேல் உயர்த்திப் பயனில்லை. சாலைப்பாலம் எழும் பாலமல்ல; அது வைத்ததே அங்கே எல்லை.

எழுதப்பட்ட எண்

வெர்ரிகளை அழித்தவை பாலங்கள் அல்ல. 1844இல் நாரிச்சுக்கும் யார்மத்துக்கும் இடையே ரயில் வந்தது, பின் லாரிகள் வந்தன, சரக்கு கரையேறியது. விந்தை என்னவென்றால், ரயில்பாதை ஆற்றைக் கடந்த ரீடம், சோமர்லேட்டன் போன்ற இடங்களில் பாய்மரங்களுக்காகச் சுழலும் பாலங்கள் கட்டப்பட்டன. படகின் பிழைப்பைப் பறித்த ரயிலே படகின் மரத்துக்கு வழிவிட்டு நின்றது. உரிமை எஞ்சியது, உரியவர்கள்தான் குறைந்துபோனார்கள். 1949இல் ஆர்வலர்கள் சிலர் ஓர் அறக்கட்டளை நிறுவி 'ஆல்பியனை' மீட்டிராவிட்டால், அந்த எதிர்எடையின் நுட்பத்தை நாம் படங்களில் மட்டுமே பார்த்திருப்போம்.

இவையெல்லாம் பழங்கதை என்று கருதுவோருக்கு 2025 மே 17 அன்று நியூயார்க்கில் நடந்ததை நினைவூட்ட வேண்டும். மெக்சிகோ கடற்படையின் பயிற்சிப் பாய்க்கப்பலான 'குவாடெமோக்' துறையை விட்டுப் புறப்படுகையில், தான் செல்லவேண்டிய திசைக்கு எதிராகப் பின்னோக்கி நகர்ந்து புரூக்ளின் பாலத்தில் மோதியது. மூன்று பாய்மரங்களும் முறிந்தன. கப்பலில் இருந்த இருவர் உயிரிழந்தார்கள், பலர் காயமுற்றார்கள். மரங்களின்மேல் அணிவகுத்து நின்றவர்கள் இளம் மாலுமிகள். 1883இல் திறக்கப்பட்ட அப்பாலத்துக்கு 135 அடி இடைவெளி வகுக்கப்பட்டது அக்காலப் பாய்க்கப்பல்களை மனத்தில் வைத்துத்தான். அந்தக் கப்பலின் மரங்கள் அதைவிட உயரம். அடியில் நுழைய அன்று எவரும் எண்ணவில்லை. கணக்கில் தவறும் இல்லை. ஆனால் கட்டுப்பாடு இழந்த கப்பலுக்கு, தான் நுழையாத பாலம் ஆற்றின் குறுக்கே நிற்கும் சுவரேயாகும்.

பாலத்தின் உயரத்தை ஒருமுறை முடிவு செய்துவிட்டால், அதற்குப் பிறகு நூறாண்டுக்கு அந்த ஆற்றில் எந்தக் கலம் போகலாம், எது போகக்கூடாது என்பதும் முடிவாகிவிடுகிறது. மேலே செல்பவர் எவரும் அந்த எண்ணை அறிவதில்லை. அறியவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. கீழே வருபவர் அதைப் படித்து, நீரைப் பார்த்து, தன் மரத்தை நினைத்து, கூட்டிக் கழித்து, கண்ணை நம்பாமல் கணக்கை நம்பிச் சுக்கானைப் பிடிக்கிறார். பாலங்களின் வரலாற்றில் அவருக்கும் ஓரிரு பக்கங்கள் ஒதுக்குவது நியாயம் என்று தோன்றுகிறது.